கலாநிதிப் படிப்புக்கு எதைப் பார்க்கிறது: மேற்பார்வையாளரையோ, துறையையோ?

வவுனிக்குளம்:
துணுக்காய்ப் பிள்ளை ஒண்டு யாழ். பல்கலையில பௌதிகவியல் சிறப்புப் பட்டம் முடிக்குது. பெரொவ்ஸ்கைற் எண்ட பளிங்குப் பொருளால செய்யிற சூரியக்கலத்தில கலாநிதிப் பட்டம் செய்ய விருப்பம். விண்ணப்பக் காசு 4 இடத்துக்குத்தான் காணும். அமெரிக்காவில ஒரு சின்னத் துறை இருக்கு, உந்த வேலை செய்யிற பேராசிரியர் அங்க ஒரேயொராள். இன்னொண்டு பெரிய துறை, திண்மப் பௌதிகத்தில மட்டும் ஏழெட்டுக் குழு. எதை முன்னுக்கு வைக்கலாம்?

கனகராயன்:
மேற்பார்வையாளர்தான், அண்ணை. அவற்ற கடைசி 5 வருசக் கட்டுரையளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கோ. முதல் பேர் மாணவரோ, கலாநிதிப் பட்டம் முடிச்ச ஆய்வாளரோ? மாணவர் பேர் எப்பவும் நடுவுக்கை கிடந்தா, அங்க போற பிள்ளையும் மற்றவையின்ர ஆய்வுக்குச் சோதனை மாதிரியளைச் செய்து குடுக்கிற கைதான். நன்றி சொல்லுற பந்தியில நிதி இலக்கம் இருக்கும். அமெரிக்க அரசின்ர விஞ்ஞான நிதி நிறுவனமான என்.எஸ்.எப். குடுத்த நிதியெண்டா அவையின்ர தளத்தில அந்த இலக்கத்தைப் போட, முடியிற திகதி வரும். நிதி பெரும்பாலும் 3 வருசம், படிப்போ 5, 6 வருசம். அதுக்குப் பிறகு என்ன வழி எண்டு கேட்காமல் போகப்படாது.

அடுத்தது குளோவ் பொக்ஸ், வெளிக்காத்துப் படாமல் கையுறையால உள்ளுக்கை வேலை செய்யிற மூடின பெட்டி. பெரொவ்ஸ்கைற் படலத்தில ஈரம் பட்டா ஈய அயடைட்டா உடைஞ்சு மஞ்சளாப் போகும். ஒட்சிசனும் நீராவியும் பத்து லட்சத்தில ஒரு பங்குக்குக் கீழ நிக்கவேணும். பெட்டி குழுவின்ர சொந்தமோ, நாலு குழுவுக்குப் பொதுவோ? பொதுவெண்டா ஆரோ ஒராள் கரைப்பான் ஆவியை நிறைச்சு விட்டிடுவார், வாயுவைச் சுத்தப்படுத்திற செப்பு வினையூக்கி கெட்டுப்போகும். அதைப் புதுப்பிக்கிற மட்டும் எல்லாற்ற வேலையும் நிக்கும்.

பாலமோட்டை:
உது ஜேர்மனிக்குச் சொல்லவேண்டிய கதை, தம்பி. அமெரிக்காவில பிள்ளையை எடுக்கிறது துறையின்ர சேர்க்கைக் குழு. முதல் ஒண்டரை, ரெண்டு வருசம் பாடம்: பொறியியக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம், புள்ளிவிபரப் பௌதிகம். அதோட தகுதிகாண் பரீட்சை. உதெல்லாம் முடியிறதுக்குள்ள அந்த ஒரேயொராள் வேற பல்கலைக்குப் போகலாம். உதவிப் பேராசிரியரெண்டா ஆறாம் வருசமளவில நிரந்தர நியமனம் இல்லையெண்டும் வரலாம். பிறகு பிள்ளை என்ன செய்யும்? லேசருக்கோ வானியலுக்கோ மாறி அரிச்சுவடியில இருந்து தொடங்கவேணும். விரும்பின வேலைக்குக் கிட்டவா 3 குழுவாவது இல்லாத துறைக்குக் காசு கட்டாதேங்கோ.

கனகராயன்:
பெரிய துறையில ஏழெட்டுக் குழு இருக்கும், ஆனா இடம் இருக்கோ? ஒரு வருசம் 30 பேரை எடுப்பினம், பேர்பெற்ற குழு அதில ஒண்டு ரெண்டு பேரைத்தான் சேர்க்கும். மிச்ச ஆக்கள் மூண்டாம் வருசமும் கற்பித்தல் உதவியாளரா முதலாம் வருசப் பிள்ளையளின்ர செய்முறைக் கொப்பி திருத்திக்கொண்டு இருப்பினம். கிழமைக்கு 20 மணித்தியாலம் அதிலயே போயிடும். மற்றது, சேர்க்கைக் குழுதான் முடிவெடுக்குது எண்டாலும், பரிசோதனை ஆய்வில நிதி வைச்சிருக்கிற பேராசிரியர் ‘இந்தப் பிள்ளை எனக்கு வேணும்’ எண்டு சொன்னா அதுக்கு நிறை இருக்கு.

மல்லாவி_மைந்தன்:
உலகத் தரவரிசையில முதல் 100க்குள்ள பார்த்துப் போடச் சொல்லுங்கோவன். லேசு.

பாலமோட்டை:
அது முழுப் பல்கலைக்கும் போட்ட புள்ளி. மருத்துவபீடத்தின்ர பேரில மேல நிக்கிற பல்கலையில திண்மப் பௌதிகம் படுத்துக் கிடக்கலாம்.

முத்தையன்கட்டு:
காசுக் கணக்கை ஒருத்தரும் சொல்லேல்லை. விண்ணப்பக் கட்டணம் ஒரு இடத்துக்கு 75 டொலருக்கு மேல போகும். கட்டணவிலக்கு கேட்கலாம், ஆனா கடைசித் திகதிக்கு முதலே கேட்கவேணும். அனேகமா டிசம்பர் நடுவில இருந்து ஜனவரிக்குள்ள மூடிவிடுவினம். பெறுபேற்றுச் சான்றை முதல்ல தரவேற்றினாப் போதும் எண்டுதான் கனக்க இடத்தில சொல்லியிருக்கு, மூலப்பிரதியைப் பிள்ளை அங்க சேர்ந்த பிறகு குடுக்கலாம். பௌதிகவியல் ஜீ.ஆர்.ஈ. எண்ட நுழைவுச் சோதினை இப்ப பல இடத்தில கட்டாயமில்லை. எண்டாலும் யாழ். பல்கலையைத் தெரியாத குழுவுக்கு நல்ல புள்ளி ஒரு சாட்சி.

சேர்க்கைக் கடிதம் வந்தாப் பிறகு உதவித்தொகை 9 மாசத்துக்கோ 12 மாசத்துக்கோ எண்டு பாருங்கோ. கற்கைக் கட்டணம் தள்ளுபடியாகும், ஆனா துணைக் கட்டணமும் மருத்துவக் காப்புறுதியும் பிள்ளையின்ர தலையில விழலாம். போகமுதலே சேவிஸ் எண்ட வெளிநாட்டு மாணவர் பதிவுக்கு 350 டொலர், விசாக் காசு வேற. கற்பித்தல் உதவியாளர் வேலைக்கு டோஃபல் ஆங்கிலச் சோதினையில பேச்சுப் பகுதிக்குத் தனி வெட்டுப்புள்ளி வைக்கிற இடங்களும் இருக்கு. மொத்தப் புள்ளியைப் பார்த்துச் சந்தோசப்பட்டு, அதில வெட்டுப்பட்டுப் போறவை கனபேர்.

நெடுங்கேணி_அக்கா:
ஏன் எல்லாரும் நேரா அமெரிக்காவுக்கு ஓடுறியள்? இஞ்சையே முதுதத்துவமாணிக்கு (எம்.பில்.) பதிஞ்சு, வேலை நல்லாப் போனா கலாநிதிக்கு மாத்தலாம். கண்டி ஹந்தானையில தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கு, சூரியக்கலத்தில கனகாலமா வேலை நடக்கிற இடம். அங்க ஆய்வு உதவியாளரா இருந்துகொண்டு பேராதனையில பட்டத்துக்குப் பதியலாம். ரெண்டு கட்டுரையோட வெளிய விண்ணப்பிச்சா, பரிந்துரைக் கடிதம் ‘வகுப்பில கெட்டிக்காரி’ எண்டதோட நிக்காது. ஜேர்மனிக்கும் முதுமாணி கையில இருந்தாத்தான் வாசல் திறக்கும். அங்க பிறகு படிப்பே வேலை: அரச ஊழியர் சம்பளத் திட்டத்தின்ர டிவி-எல் 13 நிரையில அரைப் பதவியில இருந்து முக்கால் பதவிச் சம்பளம்.

பாலமோட்டை:
அக்கா, இஞ்ச ரெண்டு வருசம், அங்க போய்த் திரும்ப முதலாம் வருசம். அமெரிக்கத் துறையள் எங்கட முதுமாணிப் பாடத்தைக் கழிச்சு விடுறது குறைவு.

நெடுங்கேணி_அக்கா:
அவுஸ்திரேலியாவில மூண்டு, மூண்டரை வருசத்தில முடியும், பாடமும் இல்லாத மாதிரித்தான். ஆனா அங்க மேற்பார்வையாளர் ஓமெண்டாத்தான் விண்ணப்பமே ஓடும், இடையில குழு மாறவும் நேரமில்லை. கோட்பாட்டுப் பக்கம் விருப்பமெண்டா இத்தாலி திரியெஸ்தேயில ஐ.சி.ரீ.பி. எண்ட சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக நிலையத்தில ஒரு வருச டிப்ளோமா இருக்கு, செலவு முழுக்க அவையின்ர. சூரியக்கலம் கையால செய்யப்போற பிள்ளைக்கு அது பொருந்தாது.

வவுனிக்குளம்:
சரி, அமெரிக்காதான் எண்டு வைப்பம். ஆருக்கு என்னத்தைக் கேட்டு எழுதிறது?

கனகராயன்:
பேராசிரியருக்கு ஆறு வரி: எந்தக் கட்டுரையின்ர எந்தப் படத்தைப் பார்த்தது, தான் செய்த ஆய்வு, அடுத்த வருசம் ஆள் எடுக்கிறாரோ. ‘மதிப்புக்குரிய ஐயா, உங்கள் மகத்தான ஆய்வு’ எண்டு 50 பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினா குப்பைக்குப் போகும். குழுவில இருக்கிற மாணவருக்குத் தனியா எழுதவேணும்: கடைசியாப் பட்டம் எடுத்த மூண்டு பேருக்கும் எத்தினை வருசம், பட்டம் எடுக்காமல் போனவை ஆரும் இருக்கினமோ, போன வருசம் எத்தினை பேர் கேட்டு எத்தினை பேரைச் சேர்த்தவை.

பாலமோட்டை:
கேள்வியள் சரி. காசைப் பிரிக்கிறது: பெரிய துறை மூண்டு, அந்தச் சின்னது ஒண்டு. உதவித்தொகையோட இடம் குடுத்தா ஏப்ரல் 15 மட்டும் பதிலுக்குப் பொறுக்கிறது எண்ட தீர்மானத்தில கையெழுத்து வைச்ச பல்கலையள் அதுக்கு முதல் பதில் கேட்டு நெருக்க ஏலாது, ஆறுதலா ஒப்பிடலாம்.

கனகராயன்:
ரெண்டும் ரெண்டும். மாணவர் ஒராளும் பதில் எழுதாத குழுவெண்டா, அது பெரிய துறையில இருந்தாலும் வெட்டிவிடுங்கோ.