அம்மா இருக்கும் முதியோர் இல்லம்: எதைப் பார்ப்பது, யாரிடம் கேட்பது?

ஹட்டன்காரி:
அம்மாவுக்கு 78 வயது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கிறது. நானும் தம்பியும் கொழும்பில் வேலை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) தனியாக விட முடியாமல் நுவரெலியாப் பக்கம் மாதாமாதம் காசு கட்டுகிற ஓர் இல்லத்தில் சேர்த்தோம். முதலில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், இப்போது எந்த நேரம் போனாலும் தூக்கம். கேட்டால் "அம்மா இப்ப நல்ல அமைதி, கரைச்சலே இல்ல" என்கிறார்கள். இடுப்புக்குக் கீழே சிவப்பாக ஒரு தடம் வேறு இருக்கிறது. பார்த்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வராது, அம்மாவின் சிங்களமோ கடைக்குப் போய்வருகிற அளவுதான். கொஞ்சம் கடுமையாகக் கேட்டால் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

வார்டு அக்கா:
தங்கச்சி, அந்த "அமைதி" என்ற பேச்சுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பேசிக்கொண்டிருந்த மனுசி திடீரென்று நாள் முழுக்கத் தூங்கினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். தூக்க மாத்திரை கொடுக்கிறார்களா, எந்த டொக்டர் எழுதியது என்று கேளுங்கள், மருந்தெல்லாம் எழுதுகிற கிளினிக் கொப்பியைக் கையில் வாங்கிப் பாருங்கள். சரியாகச் சாப்பிடாமல் சீனி மாத்திரை மட்டும் போட்டாலும் சீனி இறங்கி இப்படிக் கிடப்பார்கள், வயதானவர்களுக்குச் சிறுநீரில் கிருமி இருந்தால்கூட காய்ச்சல் இல்லாமல் மயக்கம்தான் முதலில் தெரியும்.

சிவப்புத் தடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை, வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப் புண் ஆரம்பிக்கிறது. படுத்தே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் போட வேண்டும். குதிகாலையும் பாருங்கள். அப்புறம் நம்ம ஊர்க் குளிருக்குச் சுடுதண்ணிப் பை வைப்பார்கள், சீனிக்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைவு, வெந்தாலும் தெரியாது. மூடிய அறையில் குளிருக்குக் கரி மூட்டிய சட்டி வைக்கிறார்கள் என்றால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், அந்தப் புகை ஆளையே கொல்லும்.

லிந்துலைப் பேரன்:
சட்டம் உங்கள் பக்கம்தான். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதியோருக்குச் சேவை செய்கிற அமைப்புகள் பதிவு செய்திருக்க வேண்டும், ஆகவே பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. முறைப்பாடு என்றால் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்தைப் பார்க்கிற உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள், அங்கே அசையவில்லை என்றால் தேசிய முதியோர் செயலகம். தமிழிலேயே எழுதுங்கள், அதுவும் அரசகரும மொழிதான். குசினி, கக்கூசு, தண்ணீர் எல்லாம் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பார்க்கிற வேலை. வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள், திகதி போட்டுப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வெலிமடை:
நானும் ஓர் இல்லத்தில்தான் வேலை செய்கிறேன், அதனால் ஒன்று சொல்ல வேண்டும். இரவில் ஒரே ஆளை வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் புரட்டச் சொன்னால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? போனதும் அதைத் திட்டாதீர்கள். ராத்திரி எத்தனை பேர் வேலையில், எத்தனை பேரைப் பார்க்கிறார்கள் என்று நடத்துகிறவரிடம் கேளுங்கள், பதில் இழுபட்டால் அதுவே பதில். ஞாயிறு பகலில் எல்லா இல்லமும் துப்புரவாகத்தான் இருக்கும், ஒரு வேலை நாளில் சாயங்காலம் சொல்லாமல் போங்கள். கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள் என்று பயப்பட வேண்டாம், ஒழுங்கான இடம் கேள்விக்குக் கோபப்படாது.

ஹட்டன்காரி:
எல்லோருக்கும் நன்றி. கிளினிக் கொப்பி ஆபீசில் இருக்கிறது என்றார்கள், தம்பி சனிக்கிழமை போகிறான், மருந்துப் பெயர் வந்ததும் இங்கே போடுகிறேன்.

வார்டு அக்கா:
சனிக்கிழமை வரைக்கும் வேண்டாம். இப்பவே கோல் எடுத்து அம்மாவுக்குச் சீனி பார்க்கச் சொல்லுங்கள், எத்தனை என்று கேட்டு எழுதுங்கள். பார்க்கிற மெஷின் அங்கே இல்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.