பேக்கப் வன்தட்டை டிஃபென்டர் குடையாமல் விடச் செய்வது எப்படி?

கல்வெட்டுக்காரன்:
கொட்டாஞ்சேனையில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். திருமண அழைப்பிதழ், சாமத்திய வீட்டு அட்டை, இறந்தவர் நினைவாக 31ஆம் நாளில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம், இவைதான் வேலை. பேஜ்மேக்கரில் பாமினி எழுத்தில் செய்த கோப்புகள் முதல் நேற்று முடித்த அட்டை வரை எல்லாவற்றுக்கும் ஒரு 2 டெராபைட் யூ.எஸ்.பி. வன்தட்டில் நகல் இருக்கிறது. பழையவற்றை ஆண்டுவாரியாக ஸிப் செய்து வைத்திருக்கிறேன். அப்பாவுக்குக் கல்வெட்டு அடித்தவர்கள் பல வருடம் கழித்து அம்மாவுக்கு அடிக்க வந்து, "அதே தேவாரம், அதே பூக்கரை" என்று கேட்பார்கள். ஆகவே எதையும் அழிக்க வழியில்லை.

கடை மூடும் நேரத்தில் விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கருவியான ரோபோகொப்பி அன்றைய மாற்றங்களை நகலெடுக்கும். பிறகு வன்தட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவேன். விண்டோஸ் 11, அதனுடன் வரும் அன்டிவைரஸான டிஃபென்டர். நகல் ஊர்ந்து ஊர்ந்துதான் போகிறது. முடிந்த பின்னும் கழற்ற விட்டால்தானே! வன்தட்டு இன்னும் பாவனையில் இருக்கிறதாம். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் டிஃபென்டர்தான் அதைக் குடைந்துகொண்டிருக்கிறது. மூலக் கோப்புகளைக் கணினியில் சோதித்தாகிவிட்டது, நகலையும் சோதிப்பானேன்? முழு வன்தட்டையும் சோதனையிலிருந்து விலக்கிவிட நினைக்கிறேன். வழி சொல்லுங்கள். வேறு அன்டிவைரஸ் வாங்கச் சொல்ல வருகிறவர்களுக்கு முன்கூட்டியே வணக்கம்.

காலிவீதி:
ஐயா, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்ஷன் பகுதியில் மேனேஜ் செட்டிங்ஸை அழுத்துங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் எக்ஸ்குளூஷன்ஸ் இருக்கும். அங்கே ஃபோல்டரைத் தெரிவுசெய்து வன்தட்டைக் காட்டினால் முடிந்தது. உள்ளே இருக்கும் கோப்புறைகளுக்கும் அது பொருந்தும்.

பம்பலப்பிட்டி பழுதுபார்ப்பவன்:
பொறுங்கள். டிஃபென்டர் வன்தட்டை அடையாளம் வைத்து விலக்குவதில்லை, விண்டோஸ் அதற்குக் கொடுக்கும் டிரைவ் எழுத்தை வைத்துத்தான் விலக்குகிறது. இன்று உங்கள் வன்தட்டு ஈ (E). நாளை அது வீட்டில் இருக்கும்போது வாடிக்கையாளர் ஒருவர் கல்வெட்டுக்குப் படம் கொண்டுவந்த பென் டிரைவைச் செருகுவார். அதற்கும் ஈ கிடைக்கலாம். சோதனையின்றி உள்ளே வர ராஜபாட்டை போட்டுக் கொடுத்தாயிற்று! அச்சகக் கணினிகளில் ஷார்ட்கட் வைரஸை எத்தனை தடவை துடைத்திருக்கிறேன் என்று என்னைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் டிஸ்க் மேனேஜ்மென்டில் வன்தட்டுக்கு எக்ஸ் (X) போன்ற கடைசி எழுத்து ஒன்றைக் கொடுங்கள். பென் டிரைவ்கள் முன்னெழுத்துகளைத்தான் முதலில் பிடிக்கும். அதன்பின் எக்ஸ் முழுவதையும் விலக்காமல், நகல் போகும் ஒரே ஒரு கோப்புறையை மட்டும், வேறெங்கும் இருக்காத பெயரில் வைத்து விலக்குங்கள்.

கல்வெட்டுக்காரன்:
எழுத்து விடயம் நியாயம், அது என் மண்டையில் ஏறவில்லை. ஆனால் விலக்கிய கோப்புறையில் ஏதும் கிருமி இருந்தால்?

பம்பலப்பிட்டி பழுதுபார்ப்பவன்:
அங்கே அது சும்மா கிடக்கும். கணினிக்குத் திரும்ப நகலெடுக்கும்போது டிஃபென்டர் மறுபடி பார்க்கும். அங்கிருந்தே எதையும் இயக்காதீர்கள், அவ்வளவுதான். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரைத் தடுப்பது மட்டும் இந்த விலக்குப் பட்டியலின் கையில் இல்லை. 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, இணைத்து வைத்திருந்த வன்தட்டுகளையும் சேர்த்தே பூட்டியது. நீங்கள் தினமும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் நல்ல காவல், அதை விடாதீர்கள்.

மட்டக்குளி:
இன்னொரு வழியும் உண்டு. கோப்புறைக்குப் பதிலாக ரோபோகொப்பியையே புரோசஸ் என்ற வகையில் சேர்க்கலாம். அது திறக்கும் கோப்புகளை உடனடிச் சோதனை தொடாது, மற்றதெல்லாம் வழமைபோல். சிஸ்டம்32 கோப்புறை உட்பட, கோப்பின் பெயர் வரை முழுப் பாதையையும் கொடுங்கள். வெறும் பெயரைக் கொடுத்தால், அதே பெயரில் எங்கிருந்து எது ஓடினாலும் தப்பிவிடும்.

ஆனால் இது நேரம் குறித்த ஸ்கேனைத் தடுக்காது. அது வேறு கதை. ஃபுல் ஸ்கேன் பென் டிரைவ்களை இயல்பாகத் தொடுவதில்லை. யூ.எஸ்.பி. வன்தட்டுகளையோ விண்டோஸ் பெரும்பாலும் உள்ளே பூட்டிய வட்டு போலவே கருதுகிறது. ஸிப்களையும் டிஃபென்டர் விரித்துப் பார்க்கும், நேரம் அங்கேதான் போகிறது. டாஸ்க் ஷெடியூலரில் எப்போது ஸ்கேன் என்று பாருங்கள், கடை மூடும் நேரத்தோடு மோத விடாதீர்கள்.

கல்வெட்டுக்காரன்:
வன்தட்டு எக்ஸ் ஆகிவிட்டது. நகல் கோப்புறையை மட்டும் விலக்கினேன், ரோபோகொப்பியைத் தொடவில்லை, ஒரு வாசல் திறந்தால் போதும். ஸ்கேனை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினேன், அப்போது வன்தட்டு கடையில் செருகி இருக்காது. இப்போது கேட்டவுடன் கழற்ற விடுகிறது. பழைய ஸிப்களை வீட்டிலேயே இருக்கும் இரண்டாவது வன்தட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். தினமும் பையில் சுமக்க அவற்றுக்கு அவசியமில்லை.

காலிவீதி:
எக்ஸ் என்று ஒரு ஸ்டிக்கர் அடித்து வன்தட்டில் ஒட்டிவிடுங்கள் ஐயா. அச்சகம் உங்களுடையதுதானே.