பெந்தெகொஸ்தே வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன உடுத்துக்கொண்டு போவது?

கொக்குவில் பெட்டை: என்னோடு வேலை செய்கிற அக்காவுக்கு அடுத்த மாதம் சுன்னாகத்தில் கல்யாணம். கடுமையான பெந்தெகொஸ்தே கிறிஸ்தவ சபை, அவ தோடுகூடப் போடுவதில்லை. நாங்கள் சைவம். பொட்டும் சங்கிலியுமாகப் போனால் முகம் சுளிப்பார்களா?

மானிப்பாயான்: பயப்படாமல் போங்கோ தங்கச்சி. கட்டுப்பாடு விசுவாசிகளுக்குத்தான், விருந்தாளிக்கு இல்லை. பைபிளில் 1 தீமோத்தேயு 2:9இல் பொன், முத்து, விலையுயர்ந்த உடுப்பு வேண்டாம் என்று இருப்பதை அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். ஜெபத்தில் பெண்கள் முக்காடு போடுவது 1 கொரிந்தியர் 11ஐ வைத்து. 1924இல் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனில் மதப்பணி செய்கிற ஊழியக்காரருக்கு வெள்ளை உடுப்புத்தான், மருந்துகூட எடுக்கமாட்டார்கள்.

உடுவில்காரி: எல்லாப் புரட்டஸ்தாந்தரையும் ஒரே சாக்கில் கட்டாதேங்கோ அண்ணை! நாங்கள் 1816இல் வந்த அமெரிக்க மிஷன் வழி, இப்ப தென்னிந்திய திருச்சபை. எங்கட வீட்டில் கூறைச்சேலை, தாலி, நகை எல்லாம் உண்டு.

சபை வீட்டு மருமகள்: நான் அப்படி ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். வெள்ளைச் சேலை, ஜெபம், கையெழுத்து, அவ்வளவுதான் கல்யாணம். தாலியும் இல்லை, மோதிரமும் இல்லை. வீட்டில் டிவி இல்லை, விடியமுதல் எழும்பி ஜெபம், அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் பஸ்ஸில் வெறுங்கழுத்தைப் பார்த்து "தாலி எங்கே பிள்ளை" என்று கேட்காத கிழவி இல்லை. இவரை யாரும் கேட்பதில்லை, சேர்ட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு போய்விடுவார், சட்டம் முழுக்க எங்களுக்குத்தான். நீங்கள் பொட்டோடேயே வாங்கோ, ஜெபநேரம் தலையில் போட ஒரு சால்வை பையில் இருக்கட்டும். நகை மட்டும் பரிசாகக் கொடுத்துவிடாதேங்கோ, காசாகக் கொடுங்கோ.