குளிர் தாங்கும் மரம் எது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வீட்டின் முன்பக்கத்துக்கு நிழல்மரம் தேடியபோது சிவப்பு மேப்பிள், காகித பிர்ச், பர் ஓக் ஆகிய மூன்றும் கடைசிவரை போட்டியில் இருந்தன. எங்கள் பக்கம் குளிர் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். மூன்றுமே அதைத் தாங்கும். அதனால் மண்டல எண்ணை (இடங்களைக் குளிரின் அளவுப்படி பிரித்துக் கொடுக்கும் எண்) மட்டும் வைத்து முடிவெடுக்க முடியவில்லை. அந்த எண் ஆண்டின் மிகக் கடுமையான குளிரின் சராசரியைத்தான் காட்டுகிறது. வெயிலும் உறைபனியும் மாறிமாறி வருவதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

மேப்பிள்தான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அது ஃபுளோரிடாவிலிருந்து கனடா வரை இயற்கையாக வளர்கிறது, சிக்கலும் அதில்தான். தெற்கத்தி விதையில் முளைத்த கன்று, வடக்கே இலையுதிர்காலம் வந்த பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கும். முற்றாத நுனிகள் முதல் உறைபனியிலேயே கருகிவிடும். விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நாற்றுப்பண்ணையில் பதில் கிடைக்கவில்லை. மனமில்லாமல்தான் விட்டேன். விதையின் ஊரைக் கேட்காமல் யாரும் மரம் வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

பிர்ச்சுக்குக் குளிர்ந்த, ஈரமான மண் வேண்டும். எங்கள் முன்பக்கமோ தெற்கு வெயில் காயும் இடம். அங்கே வாடும் பிர்ச்சைத் தண்டுத் துளைப்பான் வண்டு எளிதில் பிடித்துக்கொள்ளும்.

ஓக்கை நட்டோம். மெதுவாகத்தான் வளர்கிறது. இளம்பட்டை மெல்லியது, குளிர்கால மாலை வெயிலில் தென்மேற்குப் பக்கம் சூடேறி, பொழுது சாய்ந்ததும் சட்டென்று உறைந்தால் வெடித்துவிடும். அதனால் இலையுதிர்கால முடிவில் தண்டுக்கு வெள்ளை உறை சுற்றி, வசந்தத்தில் மறக்காமல் கழற்றுகிறோம்.

பதில்:

நல்ல தேர்வு. ஊசியிலை மரம் நினைப்பவர்களுக்காக நானும் சொல்கிறேன். எங்கள் வேலியோரம் இருக்கும், குளிர்காலத்திலும் இலை உதிர்க்காத துயா மரங்கள் குளிர்கால இறுதியில் பழுப்பாகிவிடும். குளிர் கொன்றுவிட்டது என்றே அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். உண்மையில் அது வறட்சி. வெயிலும் காற்றும் இலையின் ஈரத்தை உறிஞ்சும்போது, உறைந்த மண்ணிலிருந்து வேரால் நீர் எடுக்க முடிவதில்லை. இப்போது மண் உறைவதற்கு முன் ஆழமாக நீர் பாய்ச்சுகிறோம். காற்று வரும் பக்கம் சாக்குத் திரையும் கட்டுகிறோம். பழுப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது.

காற்று மிகுந்த மூலைக்கு மட்டும் லார்ச் வைத்தோம். அது ஊசியிலைகளை உதிர்த்துவிட்டே குளிர்காலத்துக்குள் போகிறது. காய்ந்துபோக இலையே இருக்காது. ஆனால் ஆண்டு முழுவதும் பசுமையான மறைப்பு வேண்டுமென்றால் அது உதவாது.