நைட்ரோவில் ஏறலாமா?

கீழக்கரை வாசகர்:
அக்கா மகனோடு மகாராஷ்டிரத்தின் இமேஜிகா கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறேன். திருவிழா ராட்டினத்தைத் தவிர எதிலும் ஏறியதில்லை. அங்குள்ள நைட்ரோவை நான் தாங்குவேனா?

பாம்பன்காரன்:
தாராளமாக ஏறுங்கள் தம்பி! காலுக்கடியில் தரையில்லாத ரோலர் கோஸ்டர் அது. ஐந்து முறை தலைகீழாகப் புரட்டும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் முதல் வரிசையிலேயே உட்காருங்கள். விசைப்படகு அலையிலிருந்து இறங்கும்போது வயிறு மேலே எழுமே, அதே உணர்வுதான். சலீம்கர் பேய் மாளிகையும் அங்கே உண்டு. பேய்வீடுகளில் பொம்மைகள் என்னை மிரட்டுவதில்லை. இருட்டில் பக்கத்து இருக்கைக்காரர் அலறுவதுதான் மிரட்டும்.

தொண்டி அக்கா:
பையனின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். குறைந்தால் ஏற்ற மாட்டார்கள்.

கீழக்கரை வாசகர்:
நன்றி அக்கா. அவன் என்னைவிட உயரம், பயம் எனக்குத்தான்.

பாம்பன்காரன்:
அப்படியானால் பிரியாணியை இறங்கிய பிறகு சாப்பிடுங்கள்.