தண்ணில ஓடுற மாவு மில், நெஜமாவே அரைக்குமா?

தண்டையார்பேட்டை_பையன்:
அடுத்த மாசம் நைனாவ கூட்டிக்கினு இங்கிலாந்துல இப்ஸ்விச்ல இருக்கிற அக்கா வீட்டுக்கு போறேன். அவரு ரொம்ப வருஷம் மாவு மிஷின் வச்சிருந்தவரு, கோட்டை அரண்மனைன்னா எனக்கு வேணாம்டாம்பாரு. பக்கத்துல உட்பிரிட்ஜ்ல கடல் தண்ணி ஏறி இறங்குறத வச்சே ஓடுற பழைய மில்லு மியூசியமா இருக்காமே, அரைக்கிறத பாக்கலாமா, இல்ல சும்மா நிறுத்தி வச்சிருக்காங்களா?

எண்ணூர்_அலை:
அரைக்கும் தல, நான் பாத்திருக்கேன். ஆனா நாள் பாத்து போகணும். டெபன் ஆத்துல தண்ணி ஏறும்போது குளத்துல புடிச்சு வச்சிக்கிறாங்க, ஆறு வத்தி சக்கரத்துக்கு கீழ இறங்கினதும் மதக தூக்கி விடுறாங்க, அந்த வேகத்துல தான் சக்கரம் சுத்துது. அதனால நேரம் தெனமும் 50 நிமிஷம் போல தள்ளிக்கினே போகும், அந்த காலத்துல மில்லுக்காரன் நடுராத்திரி கூட எழுந்து அரைச்சிருக்கான் பாவம். பழைய பெரிய குளம் இப்ப படகு நிறுத்துற எடமாயிடுச்சு, இப்ப இருக்கிறது புதுசா வெட்டின சின்னது. அரைக்கிற நாள அவங்க சைட்ல பாத்துட்டு ப்ளான் போடு.

காசிமேடு_அக்கா:
1170லயே அங்க மில்லு இருந்ததுக்கு பதிவு இருக்கு தம்பி, இப்ப நிக்கிற கட்டடம் 1793ல கட்டினது. 1957ல ஓக் மர அச்சு ஒடிஞ்சு நின்னு போச்சு, 2012ல இருந்து மறுபடி மாவு. நைனாவ கல்லுகிட்ட நிறுத்துங்க. கீழ்க்கல்லு அசையாது, மேல்கல்லு சுத்தும், ரெண்டும் உரசவே கூடாது, தானியம் தீந்து கல்லோட கல்லு பட்டா பொறி பறக்கும், மாவு தூசுல தீ புடிச்சா அவ்ளோ தான். அதுக்கு பழைய மில்லுங்கள்ல ஒரு ஐடியா வச்சிருந்தாங்க, தானியம் கொட்டுற தொட்டிக்குள்ள ஒரு வார் இருக்கும், தானியம் அத அழுத்திக்கினு இருக்கிற வரைக்கும் சத்தம் வராது, கொறஞ்சதும் வார் தளந்து மணி அடிக்கும். கல்லு தேஞ்சா உளி வச்சு வரி வரியா கொத்தணும், நம்ம தெருவுல அம்மி கொத்த வருவாங்களே அதே வேலை தான்.

தண்டையார்பேட்டை_பையன்:
மணி மேட்டர் கேட்டு நைனா ஒரே சிரிப்பு, நம்ம கடையில ஆள் தூங்குனா எழுப்ப அது இல்லையேங்கிறாரு. எண்ணூர் முகத்துவாரத்துல இப்டி ஒண்ணு போட்டா ஓடுமான்னு வேற கேக்குறாரு.

எண்ணூர்_அலை:
கஷ்டம். நம்ம பக்கம் அமாவாசை பௌர்ணமிக்கே ஏத்த இறக்கம் ஒரு மீட்டர் சுமாரு தான், அங்க அதவிட மூணு மடங்கு வரும். அதுவுமில்லாம நம்ம முகத்துவாரத்துல மண்ணு அடைச்சிக்கினு படகு போறதே பெரும்பாடு, இதுல சக்கரம் எங்க சுத்துறது.