நாகலூர்த் தோட்டத்துக்கு மிக் வெல்டிங் மெஷின்: காஸ் வைத்ததா, காஸ் இல்லாததா?

நாகலூர் மிளகு எழுதியது:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எனக்கு ஆறு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கிறேன். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இரும்பு வேலை தெரியாது. இந்த வயதில் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டதாலேயே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

சென்ற மாதம் ஒரு காட்டெருமை கேட்டை முட்டித் தள்ளியதில் கீழ்க்கீல் பிய்ந்துவிட்டது. சேலத்திலிருந்து வெல்டர் வர நான்கு நாள் ஆயிற்று. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர் பத்து நிமிடத்தில் வேலையை முடித்து ஒரு நாள் கூலி வாங்கிப் போனார். அவர் மேல் குறை இல்லை, அவருடைய ஒரு நாள் போனது உண்மைதான். அந்த நான்கு இரவும் கேட்டுக்குக் குறுக்கே பவர் டில்லரை நிறுத்திவிட்டுக் காவல் இருந்தது நான்.

செய்யவேண்டிய வேலைகள்: 1.6 மி.மீ. சதுரக் குழாயில் இரண்டு கேட், 5 மி.மீ. ஆங்கிளில் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட், ஜிஐ பைப் வேலிக்கால்கள், டில்லர் டிரெய்லரின் கொக்கி. காப்பிப் பழத்தின் தோல் உரிக்கும் பல்பரின் கால் ஒன்றும் விரிசல் விட்டிருக்கிறது.

விசையை அழுத்தினால் கம்பி தானே வந்து உருகி ஒட்டுமாமே, அந்த மிக் மெஷின் வாங்கக் கையில் 25,000 ரூபாய் வைத்திருக்கிறேன். 140 ஆம்பியர் போதுமா, 200 வேண்டுமா? காஸ் சிலிண்டர் அவசியமா? மைத்துனர் தன் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். அது கன்றுக்குட்டி அளவு இருக்கிறது.

ஓமலூர் கரும்பு எழுதியது:

ஐயா, கண்ணை மூடிக்கொண்டு காஸ் இல்லாத மெஷினை வாங்குங்கள். உருகும் இரும்பில் வெளிக்காற்று படாமல் காக்கத்தான் காஸ். இதில் அந்த வேலையைச் செய்யும் மருந்து கம்பிக்குள்ளேயே இருக்கிறது. சிலிண்டர் தூக்கும் வேலை இல்லை, காற்று அடித்தாலும் கவலை இல்லை. என்னுடையது 12 கிலோ. தோளில் மாட்டிக்கொண்டு கிணற்றடி வரை போய்விடுவேன்.

நான் பட்ட பாட்டை நீங்கள் படவேண்டாம், ஒன்று சொல்லிவிடுகிறேன். மெஷின் வந்த புதிதில் பற்றவைத்தால் தீபாவளிப் பூவாணம்போலப் பொறி தெறித்தது. இரும்பெல்லாம் மொட்டு மொட்டாக ஒட்டிக்கொண்டது. மெஷின் போலி என்று விற்றவரோடு இரண்டு வாரம் சண்டை போட்டேன். கடைசியில் பார்த்தால் துருவத்தை மாற்றவில்லை. மருந்துக் கம்பிக்கு டார்ச் (கம்பி வெளிவரும் கைப்பிடி) மைனஸில் இருக்கவேண்டும், இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்ப் பிளஸில். காஸ் வைத்து ஓட்டும், உள்ளே மருந்தில்லாத கெட்டிக் கம்பிக்கு இது தலைகீழ். உள்ளே ஒரு சின்ன வயரைக் கழற்றி மாற்றவேண்டும், இரண்டு நிமிட வேலை. கடைக்காரரிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

கன்னங்குறிச்சிப் பட்டறை எழுதியது:

ஓமலூர்த் தம்பி சொன்னதில் பாதி சரி. கண்ணை மூடிக்கொண்டு என்றதுதான் வெல்டிங்குக்கு ஆகாது.

31 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் இதை மிக் என்று யாரும் சொல்வதில்லை, சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு காஸ்) வெல்டிங் என்றால்தான் தெரியும். முதன்முதலில் அந்த மெஷின் வாங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய முறைபோல மருந்து பூசிய ராடு தீரத் தீர மாற்றவேண்டாம், கசடு தட்டவேண்டாம், விசையை அழுத்தினால் கம்பி வந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சூட்டோடு ஒரு மரவள்ளி விவசாயியின் டிரெய்லர் கொக்கியை அதிலேயே போட்டுக் கொடுத்தேன். 12 மி.மீ. பிளேட், 0.8 மி.மீ. கம்பி, 140 ஆம்பியர். முத்துக் கோத்ததுபோல வரிசை விழுந்தது. பக்கத்துப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பதினோராம் நாள் ஆத்தூர் போகும் வழியில், கிழங்கு ஏற்றிய டிரெய்லர் ஏற்றத்தில் கழன்றுகொண்டது. நல்லவேளை, பின்னால் யாரும் வரவில்லை. உடைந்த துண்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். நான் போட்ட வெல்டு கயிறு உரித்ததுபோல முழுசாக வந்திருந்தது. அதன் அடியில் பிளேட்டின் கருநீலத் தோல், ஆலையிலிருந்து வந்தபடியே, கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதாவது இரும்பு உருகவே இல்லை. மேலே உருகிய கம்பி, உட்கார்ந்து ஆறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் துண்டு இன்றைக்கும் என் மேஜையில் இருக்கிறது. வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

அதனால் ஐயா, மிக் மட்டும் செய்யும் மெஷின் உங்களுக்கு வேண்டாம். கம்பியும் ராடும் இரண்டும் போடுகிற மெஷினாக வாங்குங்கள். கேட், குழாய், தகடு என்று 4 மி.மீ.க்கு உள்ளே இருப்பதெல்லாம் கம்பி. டிரெய்லர் கொக்கி ராடு. அதிலும் அவசரப்படாதீர்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் கணக்கு வாத்தியார், கணக்காகவே சொல்லிவிடுகிறேன். சாதாரண இரும்புக்கு (மைல்டு ஸ்டீல்) மி.மீ. ஒன்றுக்கு ஏறக்குறைய 40 ஆம்பியர் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. உங்கள் 1.6 குழாய்க்கு 65 போதும். 5 மி.மீ. ஆங்கிளுக்கு 200 வருகிறது. இப்போது கரண்ட் பக்கம் பாருங்கள். மிக்கில் 100 ஆம்பியர் ஓடும்போது வில்லின் (ஆர்க், கம்பி நுனியில் எரியும் மின்பொறி) வோல்டேஜ் சுமார் 19. அது 1,900 வாட். மெஷின் தின்பதையும் சேர்த்தால் 2,200. இந்த விலை இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்களின் பவர் ஃபாக்டர் (இழுக்கும் கரண்டில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.7 அளவில்தான் இருக்கும் என்பதால் லைனில் 14 ஆம்பியர் இழுக்கும். 150 வைத்தால் அதுவே 23, 24 ஆகிவிடும். வீட்டில் இருப்பது 16 ஆம்பியர் பிளக்தானே? அப்படியானால் 200 என்று பெயர் எழுதிய மெஷினை வாங்கினாலும் அந்த பிளக்கில் மிக்கில் உங்களுக்குக் கிடைப்பது 110 தான். ராடில் வில்லின் வோல்டேஜ் கூடுதல் என்பதால் அங்கே 90 தான். 5 மி.மீ. ஆங்கிளுக்கு 3.15 மி.மீ. ராடைப் போட்டு 90-ல் ஓட்டுங்கள்.

முன்பக்க ஸ்டிக்கரில் எழுதிய எண்ணை நம்பாதீர்கள். பின்பக்கத் தகட்டில் டியூட்டி சைக்கிள் என்று இருக்கும். 160 ஆம்பியர், 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் பற்றவைக்கலாம், நான்கு நிமிடம் ஆறவிடவேண்டும் என்று பொருள். அந்தத் தகடே இல்லாத மெஷினைத் தொடாதீர்கள். துருவம் மாற்ற வழி இருக்கிறதா, டார்ச் கழற்றி மாட்டக்கூடியதா, டிப்பும் (கம்பி வெளிவரும் முனை) லைனரும் (டார்ச் ஒயருக்குள் கம்பி ஓடும் குழாய்) சேலத்தில் கிடைக்குமா என்று பாருங்கள். கம்பிச் சுருள் 5 கிலோ ஏறவேண்டும். 1 கிலோ மட்டும் ஏறும் மெஷின் என்றால் கம்பிக்கே சொத்து போகும். கம்பெனிப் பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் இங்கே சண்டை வரும்.

காஸ் விஷயம். ஓமலூர்த் தம்பி சொன்ன மருந்துக் கம்பிதான் உங்கள் ஊர்க் காற்றுக்குச் சரி. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே காஸ் கலைந்து வெல்டுக்குள் புழுத் துளைத்ததுபோல ஓட்டை விழும். ஆனால் மருந்துக் கம்பி 1.6 குழாயைச் சுலபமாக ஓட்டை போட்டுவிடும், புகையும் அதிகம். ஷெட்டுக்குள் உட்கார்ந்து செய்வது என்றால் சிஓடூவும் 0.8 கெட்டிக் கம்பியும் வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ சிலிண்டரில் சுமார் 5,400 லிட்டர் காஸ். நிமிடத்துக்கு 12 லிட்டர் விட்டால் 450 நிமிடம் ஓடும். தோட்ட வேலைக்கு ஒரு வருடம் தாராளம். ஒன்று நினைவில் இருக்கட்டும்: சிலிண்டருக்குள் சிஓடூ திரவமாக இருப்பதால் மீட்டர் முள் கடைசிவரை ஒரே இடத்தில் நிற்கும், பிறகு மளமளவென்று விழும். மீதி எவ்வளவு என்று தெரிய எடை போடுவதுதான் ஒரே வழி. மிளகு நிறுக்கிற தராசு இருக்குமே. மலை ஏற்றும்போது நிமிர்த்திக் கட்டி, மூடி போட்டுக் கொண்டுபோங்கள்.

மைத்துனர் மெஷினைப் பற்றி ஒரே கேள்வி. அது எத்தனை பேஸ்? பழைய பட்டறை டிரான்ஸ்ஃபார்மர்கள் பெரும்பாலும் இரண்டு பேஸ் எடுப்பவை. உங்கள் வீட்டு லைனில் ஓடாது. தருகிறவர் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள்.

வாழப்பாடி கிரில் எழுதியது:

சார், நானும் என் கணவரும் கிரில் பட்டறை நடத்துகிறோம். ஜிஐ வேலிக்கால் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்காகத்தான் வந்தேன். ஜிஐயின் மேலே இருப்பது துத்தநாகம். அப்படியே பற்றவைத்தால் வெள்ளைப் புகை வரும். சாயங்காலம் குளிர்க்காய்ச்சல் வந்து உடம்பெல்லாம் நடுங்கும். இவர் ஒரு முறை முழு நாள் மாட்டுத் தொழுவத்துக்கு ஜிஐ வேலை பார்த்துவிட்டு வந்து நடு வெயில் மாதத்தில் இரண்டு கம்பளி கேட்டார். டெங்குதான் என்று நான் பயந்துபோனேன். மறுநாள் மதியம் எழுந்து சோறு கேட்கிறார். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். வெல்டு வரும் இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குக் கிரைண்டரால் மேல்பூச்சை எடுத்துவிட்டு, திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கம் இல்லாமல் பக்கவாட்டில் வரும்படி நின்று செய்யுங்கள். முடிந்ததும் ஜிங்க் பெயிண்ட் அடிக்காவிட்டால் உங்கள் மூடுபனிக்கு ஒரே மழைக்காலத்தில் துரு பிடிக்கும்.

கறுப்புக் கண்ணாடி தானாக இருளும் ஹெல்மெட்டாக வாங்குங்கள். புதிதாகக் கற்பவருக்கு அதில் போடும் காசுதான் மெஷினில் போடுவதைவிட உபயோகம். லுங்கியோடும் செருப்போடும் உட்காராதீர்கள். சொல்லாமலே தெரியும் என்று நினைத்தால் எங்கள் பட்டறைக்கு வந்து பாருங்கள்.

நாகலூர் மிளகு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மீட்டர் வைத்து அளந்தேன். காலையில் 224 வோல்ட், மாலை ஏழு மணிக்கு 186. ஆனால் கிணற்று மோட்டார் ஷெட்டில் மூன்று பேஸ் இருக்கிறது, அங்கே வோல்டேஜ் நன்றாக நிற்கிறது. அங்கிருந்து ஒரு பேஸ் எடுக்கலாமா? வீட்டிலிருந்து எடுத்தால் கேட் வரை 30 மீட்டர் ஒயர் வேண்டும். மைத்துனர் மெஷின் இரண்டு பேஸ்தான். மறுத்துவிட்டேன், கொஞ்சம் முகம் வாடிவிட்டது.

மேட்டூர் ஒயர்மேன் எழுதியது:

மோட்டார் ஷெட்டைத் தொடாதீர்கள் ஐயா. அது இலவச விவசாய இணைப்பு என்றால் பம்ப் செட்டுக்கு மட்டும்தான். வெல்டிங் ஓட்டினால் அனுமதியில்லாத உபயோகம், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் கணக்குப் போட்டு வசூலிப்பார்கள். வீட்டு இணைப்பிலிருந்தே எடுங்கள், காலை நேரத்தில் வேலை செய்யுங்கள். ஒயர் 4 சதுர மி.மீ. செம்பு. 1.5-ல் 30 மீட்டர் இழுத்தால் 23 ஆம்பியருக்கு ஒயரிலேயே 17 வோல்ட் போய்விடும். ஒயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள், சுருள் சூடாகி உருகும்.

கன்னங்குறிச்சிப் பட்டறை எழுதியது:

மேட்டூர்க்காரர் சொன்னதே என் சொல்லும். கூடவே ஒன்று: உங்கள் ஊரில் ராடு பெட்டியைப் பிரித்தால் ஒரு வாரத்தில் நமுத்துப்போகும். 6013 (சாதாரண இரும்புக்குப் போடும் வகை) ராடு என்றால் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் காய்ச்சினால் சரியாகும். கம்பிச் சுருளை வேலை முடிந்ததும் கழற்றி டப்பாவில் போட்டு மூடுங்கள், மெஷினிலேயே விட்டால் துரு லைனரை அடைக்கும்.

டிரெய்லர் கொக்கியை முதல் ஆறு மாதம் நீங்கள் தொடாதீர்கள். பழைய ஆங்கிள் துண்டுகளை ஒட்டி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பழகுங்கள். வெல்டு அப்படியே உரிந்து வந்தால் இன்னும் பழகவேண்டும் என்று அர்த்தம். இரும்பு கிழிந்து வந்தால் எனக்கு எழுதுங்கள்.

அந்தப் பல்பர் கால் எனக்கு இடிக்கிறது. பழைய பல்பரா? ஓரத்தில் கிரைண்டரை லேசாக வைத்துப் பொறியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நாகலூர் மிளகு எழுதியது:

என் தகப்பனார் காலத்துப் பல்பர். வைத்துப் பார்த்தேன். கேட்டின் குழாயில் பொறி மஞ்சளாக, நீளமாக, நுனியில் பூப்பூவாக வெடித்துப் போகிறது. பல்பர் காலில் மங்கிய சிவப்பாக, ஒரு முழம்கூடப் போகாமல் அணைந்துவிடுகிறது.

கன்னங்குறிச்சிப் பட்டறை எழுதியது:

வார்ப்பிரும்பு. மிக்கில் போட்டால் அன்றைக்கு ஒட்டியதுபோல இருக்கும், ஆறும்போதே வெல்டுக்குப் பக்கத்தில் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும், புது விரிசல். அதற்கு நிக்கல் ராடு வேண்டும். சூடாக்கி, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகப் போட்டு, ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டி, சாம்பலில் புதைத்து ஆறவிடவேண்டும். காலை மட்டும் கழற்றி பஸ்ஸில் கொண்டுவாருங்கள். ஞாயிறு பட்டறை மூடியிருக்கும், நான் இருப்பேன். கூலி வேண்டாம், கொஞ்சம் மிளகு கொண்டுவந்தால் போதும். மெஷினை அதற்கு முன்னால் வாங்கிவிடாதீர்கள், என்னுடையதில் நான்கு துண்டு ஒட்டிப் பார்த்துவிட்டுப் போய் வாங்கலாம்.